வருவதாகச் சொல்லிப் போனவர்கள்

அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்புமுன் என் கணவர் செய்த கடைசிக் காரியம், அடுப்படிக் குழாயைத் தப்பாக மாட்டியது.

பழைய குழாய் இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்பாகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று முந்தின நாள் கடையில் வாங்கி வந்திருந்தார். கடைக்காரர் கொடுத்தது எதிர்ப்பக்கத்துக் குழாய்க்கானது. மாட்டி முடித்துப் பார்த்தால் வலப்பக்கம் திருகத் திறந்தது, இடப்பக்கம் திருக மூடியது. ஊரில் உள்ள குழாயெல்லாம் ஒரு வழி, எங்கள் வீட்டுக் குழாய் வேறு வழி.

“சொட்டுதா?” என்று கேட்டார்.

“சொட்டல. ஆனா உல்ட்டாவா இருக்கே.”

“சொட்டலல்லா? அப்ப பாஸ். மிச்சத்த வந்து பாத்துக்கிடுதேன்.”

மூடுவதாக நினைத்து அவரே நன்றாகத் திறந்துவிட்டதில் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. மாற்றிக்கொள்ளச் சொன்னேன். “எப்பிடியும் தண்ணிக்குள்ள இறங்குத ஆளுதான” என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, யார் போகிறார், வருகிறார் என்று கணக்கு வைக்கிற வீட்டுப்பெட்டிக்குக் கேட்கும்படி, “போயிட்டு வாரேன்” என்றார். பெட்டி ஒருமுறை மணியடித்தது. அவர் போனார்.

அவர் பெயர் தொபியாஸ் மச்சாது. தூத்துக்குடிக்குக் கிழக்கே, கரையிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி, கடலடியில் பதினாறு இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அளவு. தென்மாவட்டத்து மக்களின் பட்டா, மதிப்பெண் பட்டியல், மருந்துச்சீட்டு, கல்யாணப் படம், போனில் பேசிய பேச்சு எல்லாம் அந்தத் தொட்டிகளில்தான் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கிடங்கை நீரின் குளிர்ச்சிக்காக அங்கே இறக்கினார்கள். அவற்றை மூழ்கிப் பழுதுபார்க்கிற எட்டுப் பேரில் அவர் மூத்தவர். “எங்க பூட்டன் சிப்பி எடுத்தாரு, நான் ‘சிப்’பு எடுக்கேன்” என்பது அவருடைய பழைய நகைச்சுவை. புதிதாக வந்த ஆட்கள் எல்லோரிடமும் சொல்வார். எல்லோரும் ஒருமுறை சிரித்திருக்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவர் மேலே வந்தார். படகில் ஏறினார். பிளாஸ்கிலிருந்த டீயில் பாதியைக் குடித்தார். கூட வேலை பார்க்கும் நசரேனிடம், “பதினாலுல ஒரு விசயம் இருக்குடா. வீட்டுக்குப் போயி ஏத்திடுதேன், நாளைக்குப் பாரு” என்றார். பிறகு, “கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்” என்றார். சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வலித்ததாக முகத்தில் எந்த அடையாளமும் இல்லை. மிச்ச டீயை நசரேன் கரை சேரும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

அடக்கம் புதன்கிழமை. நான் கல்லறையில் இருந்த நேரத்தில், அவருடைய உடுப்பும், கடலடியில் பார்த்ததைக் குறித்துவைக்கிற கைப்பலகையும் ஒரு பையில் வீடு வந்து சேர்ந்திருந்தன. முன்னறை அலமாரியில் யாரோ வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் பூசை முடியும்வரை நான் அடுப்படிப் பக்கம் போகவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. எனக்கு இவ்வளவு பேர் சமைத்துப்போட்டது அதுதான் முதல் தடவை. ஒருவர் வீட்டுக் குழம்பில் இன்னொருவர் குறை கண்டுபிடித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கச் சுகமாக இருந்தது.

பூசைக்கு மறுநாள் சாயங்காலம் நசரேன் வந்தான். வந்தவன் கை கழுவ அடுப்படிக்குப் போனான். “ஐயோ!” என்று ஒரு சத்தம். திரும்பி வந்தபோது நெஞ்சிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தான்.

“என்ன மைனி, குழாய்க்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு?”

“உங்க அண்ணன் மாட்டினது.”

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்ததும் அவனும் சிரித்தான். எட்டு நாளில் அந்த முன்னறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

பதினாலாம் தொட்டி சூடாகிக்கொண்டிருந்தது. உள்ளே சுற்றிவருகிற எண்ணெய் கொதிநிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் இறங்கி, வால்வை அடைத்து, தொட்டியை ஆறவிட வேண்டும். விட்டால் அதற்குள் இருப்பதெல்லாம் கருகிவிடும். இறங்கும் முறை நசரேனுடையது.

“இறங்குததுக்கு நான் தயார். ஆனா அண்ணன் ‘ஒரு விசயம் இருக்கு’ன்னு சொன்னாரு மைனி. அவரு ஒண்ணு இருக்குன்னா இருக்கும். என்னன்னு தெரியாம நான் அந்தத் தொட்டில எப்பிடிக் கைய வைக்க? அன்னைக்கு அவரு எழுதினது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.” அலமாரியிலிருந்த பலகையைக் காட்டினான்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவள். இதை எனக்குப் புரியவைக்க அவன் சிரமப்படத் தேவையிருக்கவில்லை. தொட்டிகளின் வரைபடம் ஒன்றே ஒன்று. கடலடியில் பலகைக்கு இணைப்பு கிடைக்காது என்பதால், போகிறவர் அதன் பிரதியைப் பலகையில் எடுத்துப்போவார். கீழே பார்த்ததை அதில் எழுதுவார். அவர் திரும்பும்வரை கிடங்கில் உள்ள வரைபடத்தில் வேறு யாரும் கைவைக்க முடியாதபடி அது பூட்டப்பட்டிருக்கும். புத்தகம் வெளியே போயிருக்கும்போது அட்டை நம்மிடம் இருக்கிற மாதிரி. வீடு திரும்பியதும் வீட்டுப்பெட்டி வழியாக இரண்டும் ஒன்றாகும், பூட்டு திறக்கும்.

எங்கள் விஷயத்தில், புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. எடுத்துப்போனவர்தான் வரவில்லை.

“ஆபீஸ்ல என்ன சொல்லுதாங்க?”

நசரேன் தரையைப் பார்த்தான். “நீங்க பெட்டிகிட்ட ஒரு வாக்கியம் சொன்னாப் போதுமாம். பூட்டு உடைஞ்சிருமாம். அதுக்கப்புறம் எனக்கு பெர்மிட் தந்துருவாங்க. நாளைக்குள்ள சொல்லணுமாம்.”

“என்ன வாக்கியம்?”

அவன் உதவி மையத்துக்கு போன் போட்டு, ஒலியைக் கூட்டி, மேசையில் வைத்துவிட்டான்.

“வணக்கம், கிடங்கு உதவி மையம், சண்முகவடிவு பேசுதேன், கோவில்பட்டி. சொல்லுங்க.” நடுவயதுக் குரல். பின்னால் ஓர் ஆடு கத்தியது.

“பின்னால ஆடா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா, வீட்ல இருந்துதான் வேலை. அதுவும் கம்ப்ளைண்ட் பண்ணிக்கிட்டு இருக்கு. நீங்க முதல்ல சொல்லுங்க.”

சொன்னேன். அந்தப் பெண் அனுதாப வாக்கியம் எதையும் வாசிக்கவில்லை. “அடடா” என்றாள். கொஞ்சநேரம் எதையோ தட்டிப் பார்த்தாள்.

“ஆபீஸ்ல சொன்ன வாக்கியம் ‘இனி வரமாட்டார்’ங்கிறதும்மா. வீட்ல உள்ளவங்க வாயால சொல்லணும். சொன்னா பூட்டு போயிரும். ஆனா பலகைல இருக்கிறதும் போயிரும். திரும்பி வராத பலகைய நம்பக்கூடாதுன்னு ரூல். கிடங்குல இருக்கிற பழைய படம்தான் மிஞ்சும்.”

நசரேன் என்னைப் பார்த்தான். அவனுக்கு வேண்டியது எதுவோ அதுதான் அழியும்.

“வேற வழி?”

“பலகை வீட்ல இருக்கு. அவரு திரும்பி வந்ததும் சொல்லுத சொல்லைச் சொன்னா சிங்க் ஆயிரும், ரெண்டு படமும் ஒண்ணாயிரும். சாதாரணமா ‘வந்துட்டேன்’தான்.”

“அவரு குரல்ல வேணுமா?”

“யாரு குரலப் பதிஞ்சாங்களோ அவங்க குரல்ல.”

பெட்டியில் அவர் குரல் நிறைய இருந்தது. என் தங்கை மகள் கல்யாண வீடியோவில் யாரோ கூப்பிட, “இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்” என்று பந்தியிலிருந்து கத்தினது கிடைத்தது. வாயில் பிரியாணியோடு சொன்னது. பலகையின் பொத்தானை அமுக்கி, அதைப் போட்டோம். ‘சொல் பொருந்தவில்லை. இன்னும் நான்கு வாய்ப்புகள்’ என்று வந்தது.

நசரேன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நான் அண்ணன் மாதிரி நல்லாப் பேசுவேன். படகுல எல்லாரும் சிரிப்பாங்க.” சொல்லிவிட்டு அவரைப்போலவே மூக்கால் ஒரு “வந்துட்டேன்” போட்டான். எனக்கு முதுகு சிலிர்த்தது. பலகைக்குச் சிலிர்க்கவில்லை. இன்னும் மூன்று.

“பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க!” என்றாள் வடிவு. “அந்தச் சொல்லையே மாத்தி வச்சிருக்காங்க. பெட்டி வாங்கின அன்னைக்கே, பதினோரு வருசத்துக்கு முந்தி. என்ன சொல்லுன்னு எனக்குக் காட்டாது.”

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பெட்டி மாட்ட வந்தவர், ‘திரும்பி வந்ததும் என்ன சொல்வீங்க சார்?’ என்று கேட்டார். ‘மெஷின்கிட்டப் போயி வந்துட்டேன், வந்துட்டேன்னு ஒப்பிக்க நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?’ என்றார் இவர். பிறகு இருவரும் வாசலுக்குப் போவதும் உள்ளே வருவதுமாக என்னவோ செய்தார்கள். நான் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். ‘அதெல்லாம் அதுவா ஆயிரும்’ என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதுவாகவே ஆனது. நானும் கேட்கவில்லை.

வடிவு எங்கள் பெட்டியின் பழைய பதிவுகளை எடுக்கத் தொடங்கினாள். நேரமாகும் என்றாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் கேட்டேன்: “அந்த வாக்கியத்த நிறையப் பேரு சொல்லுதாங்களா?”

“எங்கம்மா! மத்த பாஷைல எல்லாம் வெளிய போறதுக்கு ரெண்டு சொல்லு வச்சிருக்காங்க. திரும்பி வாரதுன்னா ஒண்ணு, ஒரேடியாப் போறதுன்னா ஒண்ணு. தமிழுக்குப் பண்ணினவங்க ஒண்ணுக்கு ‘போயிட்டு வாரேன்’னு வச்சாங்க, இன்னொண்ணுக்கு ‘போகிறேன்’னு வச்சாங்க. யாராவது வாசல்ல நின்னு போகிறேன்னு சொல்லுவாங்களா? வீட்டக் காலி பண்ணிட்டுப் போறவன்கூட போயிட்டு வாரேன்னுதான சொல்லுவான். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகையில கிழவங்க கையாட்டிச் சொல்லுததும் அதுதான். மெஷின் நம்பிருது. வருவாருன்னு அவங்க இடத்தத் தயாரா வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு.”

“வீட்ல உள்ளவங்க?”

“இந்த மாவட்டத்துல இதுவரைக்கும் நாலு பேரு சொல்லியிருக்காங்க. அதுல மூணு பேரு மறுநாளே போன் பண்ணி வாபஸ் வாங்கிட்டாங்க.”

“நாலாவது?”

“அவரு உயிரோடதான் இருக்காரு, சிங்கப்பூர்ல. வீட்டம்மா கோவத்துல சொல்லிட்டாங்க.”

நசரேன் நனைந்த சட்டையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “அதான் மைனி, தொட்டி மேல தொட்டியா இறக்கிக்கிட்டே இருக்கோம்” என்றான். “நானும் அண்ணனும் இவ்வளவு சனம் எங்கடா இருக்குன்னு பேசிக்கிடுவோம்.”

“மூணுல ஒரு பங்கு, வருவோம்னு சொல்லிட்டுப் போனவங்களுக்கு” என்றாள் வடிவு. “பதினாலுலதான் அதிகம். ஒவ்வொருத்தர் இடமும் எப்ப வந்தாலும் திறக்கிற மாதிரி ராப்பகலா முழிச்சிருக்கணும். சூடாகாம என்ன செய்யும்? எங்க அப்பாவும் அதுலதான் இருக்காரு. கயத்தாத்துக்கு ஆடு பாத்துட்டு வாரேன்னு போனாரு. ஒம்பது வருசம்.”

அவள் குரலில் மாற்றம் ஏதும் இல்லை. ஆடுதான் மறுபடி கத்தியது.

நான் நசரேனைப் பார்த்தேன். வருவார் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து காத்திருந்த சூட்டில்தான் வெள்ளிக்கிழமை இவன் கையை வைக்கப்போகிறான். இவனுக்கு நாலாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள்.

“கிடைச்சிருச்சு” என்றாள் வடிவு. “அம்மா, உங்க பெட்டிக்கு மூணு காது. வாசல்ல ஒண்ணு, முன்னறைல ஒண்ணு, அடுப்படில ஒண்ணு. பலகை வாசலத் தாண்டினதும் மூணும் அஞ்சு நிமிசம் காதத் தீட்டிக்கிட்டுக் கேக்கும். பதினோரு வருசமா, ஒவ்வொரு நாளும், அந்தச் சொல்லைக் கேட்டது அடுப்படிக் காது. வாசக் காது ஒருநாகூட இல்ல.”

“அது எப்படி? அவரு வந்ததும் இந்த நாற்காலிலதான் உக்காருவாரு. கால் மண்ணத் தொடச்சு முடிக்கவே கால் மணி நேரம். அடுப்படிக்கு வரவே மாட்டாரு.”

வடிவு மறுபடி எதையோ தட்டிப் பார்த்தாள்.

“அப்ப அடுப்படில யாரும்மா இருப்பா?”

அடுப்படியில் நான்தான் இருப்பேன்.

நசரேன் எழுந்து நின்றுவிட்டான். “மைனி! அவரு வந்ததும் நீங்க என்ன சொல்லுவீங்க?”

“நான் என்ன சொல்லப்போறேன்? ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாமயா இருந்தீங்க? உங்க சத்தம் தெருவுக்கே கேக்குமே!”

யோசித்தேன். அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. சிப்பி, சிப்பு, பாஸ், பிரியாணி, எல்லாம். நான் சொன்னது ஒன்றும் ஞாபகம் இல்லை. யாராவது தன் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பார்களா? பதினோரு வருஷமாக என் வாயால் தினம் ஒரு சொல் வெளியே போயிருக்கிறது. அது எதுவென்று எனக்குத் தெரியவில்லை, ஒரு பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

“பலகைய எடுத்துக்கிட்டுத் தெருவுக்குப் போங்க தம்பி” என்றாள் வடிவு. “அவரு வாரமாதிரி உள்ள வாங்க. பொத்தான்ல கைய வைக்காதீங்க. அஞ்சு நிமிசத்துக்கு அம்மா என்ன வேணும்னாலும் சொல்லிப் பாக்கலாம், வாய்ப்பு குறையாது.”

நான் எட்டு நாளைக்குப் பிறகு அடுப்படிக்குள் போய் நின்றேன். நசரேன் வெளியே போய் உள்ளே வந்தான்.

“வாங்க” என்றேன். பெட்டி சும்மா இருந்தது. “கால் கழுவுங்க. மீன் நல்லாருந்ததா? ஏன் லேட்டு?” பெட்டி கேட்டுக்கொண்டேயிருந்தது. என் குரல் பள்ளி ஆண்டுவிழாவில் நன்றியுரை வாசிக்கிற மாதிரி இருந்தது.

இரண்டாவது தடவை அவன் இன்னும் மோசமாக வந்தான். அவரைப்போலத் தோளைச் சாய்த்துக்கொண்டு வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பையும் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை.

“யோசிச்சா வராதும்மா” என்று முன்னறை மேசையிலிருந்து வடிவு கத்தினாள். “சும்மா நிக்காதீங்க. அங்க என்ன வேலை உண்டோ அதப் பாருங்க.”

வேலைக்கா பஞ்சம்? எட்டு நாளாக யார் யாரோ புழங்கிய அடுப்படி. கரண்டி தட்டோடு கிடந்தது, உப்பு ஜாடியில் சீனி இருந்தது. கருப்பட்டி காணாமல் போய், அரிசி டப்பாவுக்குள் அகப்பட்டது. நசரேனுக்கு ஒரு காப்பி போடலாம் என்று குழாயைத் திறந்தேன். மூட வலப்பக்கம் திருகினேன். தண்ணீர் சீறிக்கொண்டு கையிலும் கண்ணாடியிலும் அடித்தது. “சனியனே, இந்த மனுசன் வரட்டும்” என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே இடப்பக்கம் திருகி மூடினேன். கருப்பட்டியைத் தட்டிப்போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. சுக்கு எங்கே என்று மேல்தட்டில் கைவிட்டுத் தேடினேன்.

நசரேனைத் தெருவில் யாரோ பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, அவனைக் காணவில்லை. நானும் மறந்துவிட்டேன். ஐந்தரை மணி வெயில் பின்கதவு வழியாக வந்து விழுந்திருந்தது. வாசலில் செருப்பு கழன்று விழும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று.

“வந்தாச்சா?” என்றேன்.

பெட்டி மணியடித்தது.

சுக்கு டப்பாவில் கைவிட்டபடி நின்றேன். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. முன்னறையில் நசரேன், “மைனி! மைனி!” என்று கத்தினான். கோவில்பட்டியில் ஒரு பெண் கைதட்டினாள். பெட்டி, அவர் வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் சொல்வதைப் போலவே, அவசரமில்லாத குரலில், “ஒரு கோப்பில் மாற்றம் உள்ளது. எதை வைத்துக்கொள்ளட்டும்? கிடங்கில் உள்ளதையா, பலகையில் உள்ளதையா?” என்றது.

“பலகை! பலகை!” என்றான் நசரேன்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். குழாய்த் தண்ணீரும் இருந்தது, மற்றதும் இருந்தது.

வரைபடம் திறந்தது. பதினாலாம் தொட்டியின் பக்கத்தில், அன்றைய தேதியில், ஒரே ஒரு குறிப்பு புதிது. அவர் எழுதுவதுபோலவே முற்றுப்புள்ளிகூட வைக்காமல் இருந்தது:

‘அடைப்பு வால்வு எங்க வீட்டு அடுப்படிக் குழாய் மாதிரி’

“இது என்னதும்மா, எதுவும் குறியீடா?” என்று வடிவு கேட்டாள். “ஆபீஸ்ல இருக்கிற இன்ஜினியருக்கு இது விளங்காதே.”

நசரேன் காய்ந்தும் காயாமலும் இருந்த தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

“படத்துல வலப்பக்கம்னு போட்டிருக்கு மைனி. நானும் வலப்பக்கம்தான் திருகியிருப்பேன். அது அடைக்காது, முழுசாத் திறந்துரும். கொதிக்கிற எண்ணெய். வால்வுக்கு நேரா என் மூஞ்சிதான் இருக்கும்.” கொஞ்சநேரம் கழித்து, “போன வருசம் வால்வ மாத்தினவங்களும் அதே கடைல வாங்கிட்டாங்க போல” என்றான்.

மூன்று பேரும் சிரித்தோம். நசரேன் அழவும் செய்தான். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவனுக்குக் காப்பி கொடுப்பது கஷ்டம்.

பலகையில் எனக்கென்று ஏதாவது இருக்குமோ என்று நானும் தேடிப் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த ஒரு வரிதான். ஆனால் அதில் அவர் ‘நம்ம வீட்டு’ என்று எழுதவில்லை. கடலடியில் நாற்பது அடி ஆழத்தில், படிக்கப்போகிறவர்கள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, ‘எங்க வீட்டு’ என்று எழுதியிருக்கிறார். அதில் இரண்டே பேர்தான் இருக்கிறோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

நசரேன் வெள்ளிக்கிழமை இறங்கினான், இடப்பக்கம் திருகினான், மேலே வந்தான். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, “அடைஞ்சிருச்சு மைனி!” என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனான். அடுப்படியிலிருந்து “ஐயோ!” என்று சத்தம் வந்தது. கடலுக்கடியில் சரியாகச் செய்தவன் எங்கள் வீட்டில் தப்பாகத் திருகிவிட்டான்.

வடிவு மறுவாரம் போன் செய்தாள். வேலையாக இல்லை, சும்மா. ஆடு குட்டி போட்டிருந்ததாம். பேச்சுக்கு நடுவே தயங்கிக்கொண்டு சொன்னாள்:

“அம்மா, பூட்டு போயிருச்சு, வரைபடம் எல்லாருக்கும் திறந்தாச்சு. ஆனா ஒரு விசயம். அவரு வந்துட்டதா மெஷின் எழுதிக்கிடுச்சு. ‘வருவார்’னு இருந்தாக்கூட ஒரு காலத்துல யாராவது கேப்பாங்க. இப்ப ‘வீட்டில் இருக்கிறார்’னு இருக்கு. வீட்ல இருக்கிறவங்கள யாரும் எதுவும் செய்ய முடியாது. நீங்களா மூடச் சொன்னாத்தான்.”

“மூடணுமா?”

“நான் எப்பிடிம்மா சொல்ல? எங்க அப்பா இன்னும் கயத்தாத்துல இருந்து வந்துக்கிட்டு இருக்காரு.”

அன்று சாயங்காலம் முழுவதும் அதை யோசித்தேன். ஒருவர் இடத்தை விழித்திருக்கவைக்கிற சூட்டை இன்னொருவர் கை தாங்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இப்போது தெரியும். தெரிந்தபிறகு தெரியாததுபோல இருக்க முடியாது. அதனால் என் பெயரில் இருந்ததைத் திறந்து, அவர் இடத்துக்கு ஈடாகக் காலி செய்தேன். பதினோராயிரம் படங்கள். நான் எடுத்தவை பாதி பூனை, மீதி என் விரல். பார்த்து நீக்க நான்கு நாளாயிற்று. நிறையச் சிரித்தேன். பூனையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வடிவிடம் இதைச் சொன்னேன். தன் அப்பாவுக்காகத் தானும் அப்படிச் செய்தாளாம். கோவில்பட்டியில் இன்னும் சிலரும் செய்கிறார்களாம். பதினேழாம் தொட்டி இறக்குவதை ஒரு வருஷம் தள்ளிவைத்திருப்பதாக நசரேன் சொன்னான்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடும் மகளோடும் வருகிறான். போன வாரம் கையில் ஒரு புதுப் பாகமும் ஸ்பேனரும் கொண்டுவந்திருந்தான். “இந்தத் தடவ பாத்து வாங்கியிருக்கேன் மைனி. அஞ்சு நிமிசம், மாட்டித் தந்துருதேன்.”

“வேண்டாம் நசரேன்” என்றேன். “அவரு வந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு.”

அவன் பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் சின்னத் திரையில் எங்கள் இருவர் பெயருக்கும் நேராக ‘வீட்டில்’ என்று இருந்தது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுடைய மகள் கை கழுவ ஓடினாள். “இடப்பக்கம்!” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதற்குள் அவள் நனைந்துவிட்டாள்.

குழாய் சொட்டுவதில்லை. வலப்பக்கம் திருகினால் திறக்கிறது.